ஆடுகள் மேய்வதில்லை

அன்புள்ள மனைவிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் மூச்சிரைப்பு குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

"படிச்ச படிப்புக்கு மாப்பிள்ளை ஆடு மேய்க்கப் போறாராம்" என்று உன் அண்ணன் சொன்னபோது நீயும் சிரித்தாய். இந்த ஆராய்ச்சிப் பண்ணையில் ஆடுகள் மேய்வதே இல்லை என்று அவரிடம் சொல். அவை கொட்டிலிலேயே அடைந்து நிற்கின்றன. காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனத்துக்கு ஊறுகாய்ப்புல் என்று பெயர். ஒரு கொட்டிலுக்கு மக்காச்சோளத்தட்டையிலும் மறு கொட்டிலுக்குச் சோளத்தட்டையிலும் செய்ததைப் போட்டு, எது ஒத்துக்கொள்கிறது என்று பார்க்கிறேன்.

நேற்று, மக்காச்சோளத்துக்குப் பழகிய ஒரு கிழட்டு ஆட்டுக்குச் சோள ஊறுகாய்ப்புல்லை வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் முழங்காலில் முட்டியது. லேசான வீக்கம்தான், பயப்படாதே. தீவனம் அள்ளுகிறவர், "வெறும் ஊறுகாய மட்டும் வச்சா எப்படி சார்? சோறு எங்கேனு கேக்குது!" என்றார். விழுந்து விழுந்து சிரித்தேன். உடனே இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அலமாரியில் இருக்கும் முழங்கால் பட்டையை அனுப்பு. பதிலை நீயே எழுது. அண்ணனிடம் சொல்லி அனுப்பாதே.

'உன் கணவன்' என்று முடிக்கக் கோபம் விடவில்லை. வெறும் பெயரைப் போட்டால் யாரோ எழுதியது போலாகிவிடும். தபால்காரர் வாசலில் நிற்கிறார்; கையெழுத்தில்லாமலே கொடுத்துவிடுகிறேன்.