கட்டு மாற்றுகிறவள்

மாமாவுக்கு,

உங்கள் தம்பி பெங்களூர் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்துவிட்டு நேற்று உத்தனப்பள்ளிக்குத் திரும்பினார்.

"மார்ல சதை எடுத்த எடத்துல ஒரு பக்கம் குழி விழுந்துடுச்சி அண்ணி. ஊருக்கு வர அண்ணன் வெக்கப்படுது. நர்சம்மாதான் தினமும் கட்டு மாத்துது" என்றார்.

அவள் கன்னடக்காரியா? சிரித்துப் பேசுவாளா?

பொம்பளை மார்பு என்று ஊரார் செய்த கேலியால், கல்யாணமாகி நான்கு வருஷமாக இருட்டில்கூட என் முன்னால் நீங்கள் சட்டையைக் கழற்றியதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது யாரோ ஒருத்தி தினமும் பார்க்கிறாள். நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழியோ மேடோ, எனக்கு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அன்றைக்குக் கட்டை அவள் அவிழ்க்க வேண்டாம். நான் அவிழ்க்கிறேன், எப்படி என்று அவள் தள்ளி நின்று சொன்னால் போதும்.

உங்கள் வீட்டுக்காரி