தோலுக்குச் சொல்ல வேண்டிய சொல்

தோஸ்த்,

இன்று காலை மண்டியில் ஆட்டுத்தோல் கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். உப்பும் ஈரமும் கலந்த அந்த வாடை எழும்பியதும், வழக்கம்போல ஒரு தோலைக் காலால் தள்ளிவிட்டு, "இன்னாய்யா இது, தோலா, கரித்துணியா?" என்றேன். தோல் கொண்டுவந்த பள்ளிகொண்டா ஊர்க்காரர் சிரித்தார். விலையைக் குறைக்கச் சரக்கை இளக்காரம் பண்ணுவது இங்கே மரியாதைக் குறைவு இல்லை, வியாபாரம். ஆனால் நான் திட்டி முடித்ததும் ஓர் அமைதி விழுந்தது. நீ பேச வேண்டிய இடம் அது.

நான் தள்ளிய தோலை நீ எடுத்து உள்ளங்கையால் தடவுவாய். "அவன் சொல்றத காதுல போட்டுக்காதண்ணே. தோலு ஜோராத்தான் கீது. கொஞ்சம் கம்மி பண்ணிக்கோ, முடிச்சிக்கலாம்." இருபது வருஷம் இப்படித்தான் வாங்கினோம், நான் ஏச, நீ தேற்ற. பார்க்காமலே விரலால் தடவிப் பூச்சி கடித்த இடத்தைச் சொல்லிவிடுவாய். உன் கைதான் நம் முதல். என் வாய் வெறும் மேளம். ஒரே ஒரு கண்டிப்பு உனக்கு: "தோலத் திட்டு. ஆளத் திட்டாத."

தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் நாம் இருவரும் கூலிக்கு நின்ற காலத்தில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாரே, நினைவிருக்கிறதா? அன்று நீ கற்றது அந்தக் கண்டிப்பு. நான் கற்றது வேறு. எழுந்து போகிறவனாக நான் ஆகிவிட வேண்டும் என்று.

ஆகியும்விட்டேன். மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி தோல் வாங்க நம் ஆபீசுக்கு வந்த அன்று, சாம்பிள் தோலோடு நின்ற உன்னைக் காட்டி, "யாரு சார், பார்ட்னரா?" என்று கேட்டார்கள். "பார்ட்னரா? நல்லா கேட்டீங்க! தோலு பொரட்டத்தான் லாயக்கு இவன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பழக்கதோஷமோ என்னவோ, "அவர் சொல்றத காதுல போட்டுக்காதீங்க சார்" என்றாய்.

மறுநாள் நீ வரவில்லை.

கோபத்தில் திட்டியிருந்தால் ஆறியதும் வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். இளக்காரத்தைச் சிரித்துக்கொண்டேதானே சொல்கிறோம்? அதனால் தப்பு நடந்ததாகவே தெரிவதில்லை. தெரிந்தபோதும் வியாபாரி புத்தி விடவில்லை. பேரத்தில் முதலில் வாய் திறந்தவன் இறங்கிப்போவான். நீ பேசு என்று காத்திருந்தேன். அதே ஆம்பூரில், இரண்டு தெரு தள்ளி, ஆறு வருஷம்.

போன மாசம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் மனைவிதான் சொன்னாள்: "அதுக்கப்புறம் அவரு தோலத் தொடவே இல்லண்ணா. ஷூ கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்காந்தாரு. எத்தினியோ பேரு கூப்ட்டாங்க. 'எனக்கு இன்னா தெரியும், சும்மா பொரட்டுவேன்'னு சொல்லி அனுப்சிட்டாரு."

நான் இறக்கிய விலைக்கே உன்னை நீ கொடுத்துவிட்டிருக்கிறாய். தோல் கொண்டுவருகிறவன்கூட அப்படிக் கொடுப்பதில்லையே, தோஸ்த். நான் சொல்வதெல்லாம் பொய் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவன் நீதானே? அதை மட்டும் ஏனப்பா நம்பினாய்?

துணிக்கு வெளியே உன் வலது கை தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இந்தக் கை இல்லன்னா நான் இன்னிக்கும் குழியிலதான் நின்னுட்டிருப்பேன். இவன்தான் என் பார்ட்னரு."

உன் மனைவி மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலக் கேட்டாள்.

"இப்ப யார்கிட்டண்ணா சொல்றீங்க?"