யாரும் திட்ட வரமாட்டார்கள்

மொக்போ,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி கியூதேவுக்கு,

அக்கா மிரான் எழுதுகிறேன். ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அப்பாவை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நுரையீரல் இனித் தேறாதாம். அறுவடைத் திருநாள் வரை இருந்தால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் தெரியும். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. அதிலும் உப்பில்லை என்று என்னைத் திட்டுகிறார். மீன் சூப்புக் கடை நடத்துகிறவளுக்கு இது தேவைதான்.

உன்னை வரச்சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. "அவன் வர வேணாம்டி. வந்தா மறுபடியும் எறிவாங்க. அந்தப் பாவிங்களுக்கு ஆத்திரம் ஆறியிருக்காது" என்கிறார். கால்பந்து உலகக் கோப்பையில் உன் காலிலிருந்து தவறி எதிரணிக்குப் போன பந்து, நாம் தோற்றது, விமான நிலையத்தில் "மிட்டாய் தின்னுடா!" என்று வசைபாடி உன்மேல் விட்டெறிந்த ஜவ்வு மிட்டாய்கள், எல்லாம் அவருக்கு நேற்று நடந்ததுபோல. உன் காலரில் ஒட்டியதைப் பிய்த்தெடுத்தவர் அவர்தானே. நீயும் அதற்குப் பயந்துதான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டாய். எனக்குத் தெரியாதா?

ஒன்று சொல்கிறேன், கேள். போன வாரம் அப்பா நர்ஸிடம், "எம் மகன் யாருன்னு தெரியுமா? தேசிய அணிக்காரன்!" என்று பெருமையடித்தார். அந்தப் பெண், "தெரியாம இருக்குமா தாத்தா! எங்க வீட்டுல எல்லாரும் அவரோட ரசிகருங்கதான்" என்றாள். அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் அவள் என்னிடம் மெதுவாக, "அக்கா, உங்க தம்பி ஆடினது பேஸ்பாலா?" என்று கேட்டாள்.

கடையிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் உன் படத்துக்குக் கீழே உட்காரச் சண்டை போடுவார்கள். இப்போது வரும் பிள்ளைகள், "அது உங்க வீட்டுக்காரரா?" என்கிறார்கள். ஒரு நாள் அலுத்துப்போய் ஆமாம் என்றே சொல்லிவிட்டேன். ஆனாலும் படத்தைக் கழற்ற மனம் வரவில்லை.

கியூதே, உன்னைத் திட்ட இங்கே யாரும் இல்லை. திட்டுவதற்கும் உன்னை ஞாபகம் இருக்க வேண்டுமே. இதை நானே எழுத வேண்டியிருக்கிறது. தெருவே உன் பெயரைக் கத்தியதைக் கேட்டவள் நான்.

இதை அப்பாவிடம் சொன்னால் உன்னை வரவிடுவார். எனக்குத்தான் வாய் வரவில்லை. ஊர் உன்னை வெறுக்கிறது என்பதை எப்படியோ தாங்கிக்கொண்டார். மறந்துவிட்டது என்பதைத் தாங்கமாட்டார். அறைக் கதவு திறந்தால் இன்னும் எட்டிப் பார்க்கிறார். நீ இல்லை என்று தெரிந்ததும், "நல்லவேளை" என்கிறார். அதை என்னால் கேட்க முடியவில்லையடா.

உடம்பைப் பார்த்துக்கொள். நான் எழுதியது உனக்கு வலித்திருக்கும். இதை வேறு யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். அப்பா வாய் வேண்டாம் என்கிறது, நீ அதைக் கேட்காதே. என்மேல் உள்ள கோபத்தோடாவது புறப்பட்டு வா, நேரில் வந்து சண்டை போடு. அவர் கண்மூடுவதற்குள் வா.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்கா மிரான்