கௌபாய் பெல்ட்டுக்கு ஒரு திருகாணி

செங்கல்பட்டு
4.3.1973

ஹமீதுக்கு,

'அன்புள்ள' என்று எழுதப் பேனா ஓடவில்லை. விட்டுவிட்டேன்.

உன் மச்சான் சுலைமான் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமல்லபுரத்தில் எடுக்கப்போகும் கௌபாய் படத்துக்கு நீ துப்பாக்கி உறையும் பெல்ட்டும் தைத்திருக்கிறாயாம். நான் வெள்ளியில் பக்கிள் செய்து தரவேண்டுமாம். போன படத்துக்கும் இப்படித்தான் கேட்டாய். செய்தேன். என் பெயர் திரையில் வரும் என்று மாமியார் வீட்டார் எல்லோரையும் டென்ட் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். 'தோல் வேலை: ஹமீது' என்று வந்தது. அடுத்தது நான்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். டைரக்டர் பெயர் வந்துவிட்டது. "மாப்ள, உம் பேரு எங்க? இன்டர்வல்ல வருமா?" என்று கேட்டார் மாமனார். பி.ஏ. படித்த தட்டான் என்று பஜார் சிரிப்பது போதாதா?

பார்சலைத் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். பிரித்துவிட்டேன்.

இதை எப்படிச் செய்தாய்? காலேஜ் நாட்களில் மவுண்ட் ரோடு தியேட்டர்களில் நாம் விழுந்து விழுந்து பார்த்த இங்கிலீஷ் படங்களில், குதிரைக்காரன் திரும்பும்போது கண்ணில் பட்டு மறைந்த உறை இது. அதே சரிவு, தொடையில் கட்டும் அதே வார், ஓரமெல்லாம் செதுக்கிய அதே கொடி வேலைப்பாடு. நனைத்த தோலை மரத் துப்பாக்கியின் மேல் அழுத்தி உலர்த்தியிருக்கிறாய் போலும். காலியாக இருக்கும்போதும் உள்ளே துப்பாக்கி இருக்கிறது. கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா, சாமி வந்துட்ச்சா?" என்றாள் என் மனைவி சம்பூர்ணம்.

பக்கிள் செய்கிறேன். உனக்காக அல்ல, இந்தத் தோலுக்காக. குதிரை பாயும்போது அவிழவே கூடாது என்று எழுதியிருக்கிறாய். அவிழாது.

உலகநாதன்

*

கோவளம்
21.3.1973

அன்புள்ள உலகு,

பக்கிள் வந்தது. கௌபாய் தேசத்து மாட்டுத் தலையை வெள்ளியில் கொண்டுவந்துவிட்டாயே! நெற்றிச் சுழியில் மயிர் மயிராகத் தெரிகிறது. மூக்கைத் தொட்டால் ஈரமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரி ஷரீபுன்னிசா எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் இந்த மாட்ட எங்க பாத்தாரு? கொம்பு காவடி மாதிரி கீதே!" என்றாள். அப்புறம் அவளும் சமையலை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன தடவை இரண்டு பேர் பெயரையும்தான் எழுதிக் கொடுத்தேன். உன் பெயரை வெட்டியது எனக்கே கொட்டகையில்தான் தெரிந்தது. நீ நம்பமாட்டாய். இந்தத் தடவை படக் கம்பெனி மேனேஜரை விடாமல் நச்சரிக்கிறேன். "இன்னா பாய், பக்கிளுக்கெல்லாம் பேரு போட்டா படத்த எப்ப ஆரம்பிக்கிறது?" என்கிறான். விடமாட்டேன்.

முப்பதாம் தேதி மாமல்லபுரம் கடற்கரைப் பாறைகளுக்குப் பக்கத்தில் ஷூட்டிங். வா. சண்டை போடவாவது வா.

உன்
ஹமீது

*

செங்கல்பட்டு
30.3.1973

ஹமீதுக்கு,

நான் வந்திருந்தேன். உன்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன்.

ஹீரோ பாறைமேல் வந்து நின்றான். உன் வேலையும் என் வேலையும் ஒரே இடுப்பில். வெயில் வெள்ளியில் பட்டது. உன்மேல் எனக்குக் கோபம் என்பதே அந்தக் கணம் நினைவில் இல்லை.

பிறகு வில்லன் துப்பாக்கியை நீட்டி, பெல்ட்டைக் கழற்றிப் போடச் சொன்னான். வரவில்லை. ஒட்டியாணத்துக்கு வைப்பதுபோல் பக்கிளின் பின்பக்கம் திருகாணி வைத்திருந்தேன். இடுப்பில் போட்ட நகை விழவே கூடாது. எங்கள் பட்டறையில் பிள்ளைக்கு முதலில் சொல்லித்தருவது அதுதான். கண்மூடித் திறப்பதற்குள் விழவேண்டிய நகையும் உண்டு என்று நீ சொன்னாயா? ஹீரோ திருகிக்கொண்டே இருந்தான். வில்லன் துப்பாக்கியை இறக்கினான். "அண்ணாத்த, மாமியார் வூட்டு சீர்ல வந்ததா? நான் போயி நாஸ்தா துன்னுட்டு வரட்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் யாரோ. நீயும் சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

உடனே பஸ் ஏறிவிட்டேன். இனிமேல் பார்சல் வேண்டாம். கடிதமும் வேண்டாம்.

உலகநாதன்

*

கோவளம்
30.3.1973

அன்புள்ள உலகு,

வராமலே இருந்துவிட்டாயே, பாவி!

பெல்ட்டைக் கழற்றும் காட்சியில் உன் திருகாணி மாட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். அவிழக் கூடாது என்று எழுதிய நான், அவிழவும் வேண்டும் என்று எழுதவில்லையே. மேனேஜர் அதை அறுத்துப் போடச் சொன்னான். "என் கைய அறுத்துட்டு அத அறு" என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

டைரக்டர் கையைத் தூக்கினார். "யாரும் தொடாதீங்க. தம்பி, மறுபடியும் திருகு. மெதுவா. அவன் கண்ணப் பாத்துகினே திருகு."

கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். ஹீரோ திருக ஆரம்பித்தான். அவசரமே இல்லை. நாஸ்தா கேட்ட வாய், உலகு, அப்படியே உலர்ந்துபோனது. அந்த ஆள் நடிக்கவில்லை, நிஜமாகவே பயந்தான். கூட்டத்தில் ஒருவரும் இருமவில்லை. அலை ஒன்றுதான் சத்தம். பெல்ட் பாறையில் விழுந்த பிறகும் 'கட்' சொல்லத் தோன்றாமல் நின்றார் டைரக்டர். நாம் பார்த்த அத்தனை இங்கிலீஷ் படங்களிலும் இப்படி ஒன்று கிடையாது.

"யார் செஞ்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மேனேஜர் சொன்னான்: "செங்கல்பட்டு உலகநாதன் சார். இந்த பாய் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆயிட்ச்சி." டைட்டிலில் போடுவார்களா, தெரியாது.

உன்
ஹமீது

*

செங்கல்பட்டு
3.4.1973

ஹமீது,

உன் கடிதம் கிடைத்தது. என்னுடையதும் உனக்குக் கிடைத்திருக்கும். அதில் ஒரு வரியையும் நான் அடிக்கப்போவதில்லை. நீ சிரித்தது சிரித்ததுதான்.

ஆனால் கூட்டமே மூச்சடக்கி நின்றதாமே. அந்த நேரத்தில் நான் உன்னைத் திட்டிக்கொண்டே திருக்கழுக்குன்றம் தாண்டிக்கொண்டிருந்தேன். என் கை செய்ததை ஊரே பார்த்தது; நான் பார்க்கவில்லை. இதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

படம் வர மாதக்கணக்காகும். அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கோவளம் வருகிறேன். அந்தக் காட்சியை நீ எனக்கு நடித்துக் காட்டவேண்டும். ஷரீபுன்னிசா வில்லனாக நிற்கட்டும். எதையும் விட்டுவிடாதே. மெதுவாகத் திருகு.

உலகநாதன்