தெருமுனை தாண்டாத சிவப்புக் கார்

அன்புள்ள மகள் ரோஷினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நன்றாக இருக்க வேண்டும் என்று திருவேற்காட்டு அம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன வாரம் நீ காரைக் காட்டுங்கப்பா என்று கேட்டதும் சார்ஜ் இல்லை என்று அப்பா போனை வைத்தாரே, அது ஏன் என்று சொல்லத்தான். அவர் காதுபட இதைப் பேச எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி தன் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறாள், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய முப்பத்தைந்து வருஷமும் அப்பா டூல்ஸ் பெட்டி மூடிக்குள் ஒட்டி வைத்திருந்த கார் படம் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டே கதவு, ரத்தச் சிவப்பு, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி. அதை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். இப்போது வாங்கியதும் அதே வண்டிதான், பழசு, நுங்கம்பாக்கத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. உன் தம்பி ஸ்ரீநாத்துக்கும் அதே பைத்தியம், நீ ஓட்டு நைனா, நான் பக்கத்துல குந்திகினு வரேன் என்பான். அவன் போன பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லாமல் இருந்தது, திடீரென்று இந்த வருஷம் வாங்கியே தீருவேன் என்று நின்றார். நான் குறுக்கே நிற்கவில்லை. வாசல் கேட்டை அகலப்படுத்தினார், தரையைச் சமன் செய்தார். ஒரு நூல் பிசகாமல் அளந்தே பிழைத்த மனுஷன், தெருமுனையை மட்டும் நினைக்கவில்லை.

கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு வண்டி வந்தது. தெருமுனையில் இருக்கிற வேகத்தடை மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் வண்டியின் அடிவயிறு தட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது. அந்த மேடு எப்படி வந்தது என்று நீ பார்க்கவில்லை, நீ விமானம் ஏறிய மறுநாள் அது. அதே முனையில்தானே தண்ணி லாரி நம் பிள்ளையை அடித்தது, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அப்பா கொத்தனார் வேம்புலியைக் கூட்டிவந்து போட்டார். இம்மாம் ஒசரம் வாணாம் அண்ணாத்தே என்று வேம்புலி சொல்லச் சொல்ல, இன்னும் நாலு சட்டி கலவை கொட்டச் சொன்னார். வருஷா வருஷம் திதியன்று அவரேதான் அதற்கு வெள்ளை பெயின்ட் அடிக்கிறார்.

தெருவே கூடி வண்டியைத் தூக்கிப் பின்னால் இறக்கியது. வேம்புலி, இன்னா இப்போ அண்ணாத்தே, நான் போட்டதுதான, காலைல வந்து ஒடச்சிட்றேன், வண்டி ஊட்டாண்ட வந்துடும் என்றான். எல்லோரும் சரி என்றார்கள். அப்பா, அத்தத் தொடாத என்று மட்டும் சொன்னார். வண்டி இப்போது பருத்திப்பட்டு ஏரி ரோட்டில் ஒரு காலி மனையில் தார்ப்பாய் மூடி நிற்கிறது. தினமும் காலையில் போய்த் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருகிறார். உன்னிடம் ஒன்று சொல்கிறேன், அவரிடம் சொன்னதில்லை. எனக்கு அந்த மேடு உடைந்தால் போதும் என்றிருந்தது. ஆட்டோ அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் பிள்ளைமேல் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது, நாலு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா, வருகிற வெள்ளிக்கிழமை பூந்தமல்லியிலிருந்து ஆள் வருகிறது, வண்டியைக் கொடுத்துவிடப் போகிறேன் என்றார். ஒரு தடவையாவது என்னைக் கூட்டிப்போங்கள் என்றேன். ஸ்ரீநாத் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து செம்பரம்பாக்கம் வரைக்கும் போனேன். அப்பா நாற்பதைத் தாண்டவில்லை, பின்னால் ஷேர் வேன்காரன்கூட ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். இதற்கா இத்தனை வருஷம் ஏங்கினீர்கள் என்று கிண்டல் செய்தேன். நம்ம புள்ளையும் மெதுவாத்தான வந்தான் சுலோ என்றார். வண்டியை மனையில் விட்டுவிட்டு நடந்து வந்தோம். தெருமுனையில் என் கையைப் பிடித்து அந்த மேட்டைத் தாண்டவைத்தார், வீட்டு கேட் வரைக்கும் விடவில்லை. உடைத்துவிடலாம் என்று சொல்ல நினைத்தது அதோடு போயிற்று, இனிமேல் சொல்லமாட்டேன்.

குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மாப்பிள்ளை பனியில் வண்டி ஓட்டும்போது போன் பேசி அவரைத் தொந்தரவு செய்யாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். சனிக்கிழமை நீ கூப்பிடும்போது, பெட்ரோல் நிறையக் குடிக்கிறது, அதனால் வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று அப்பா சொல்வார். அப்படியாப்பா என்று மட்டும் கேட்டுக்கொள்.

இப்படிக்கு
உன் அம்மா
சுலோசனா அழகேசன்