உன் இறால் பெட்டிகளால் ஒரு சுவர்

வாய் ஓயாத என் வசந்தா அக்காவுக்கு,

உன் வண்டிக்குச் சுவர் ஏறிவிட்டது. இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். தினமும் பொன்னேரியில் இறால் விற்றுவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கியதும், காலிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் படகுக் கொட்டகையில் எட்டிப் பார்ப்பாயே, "இன்னாடா, செவுரு ஏறிச்சா?" என்று. கேட்க நீ இல்லாதபோது ஏறியிருக்கிறது.

உன்னிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி நிற்கிறது. நேரில் கேட்டிருந்தால் இரண்டு திட்டோடு முடிந்திருக்கும். அந்த வாய்ப்பை விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

போன தை மாதம் நீயும், மாமாவும், நானும் ஏலகிரிக்குப் போனோமே, அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அன்று நீ இரண்டு முறை குளித்தாய். புதுப் புடவை, தலை நிறையப் பூ. லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் நம்மைப் பார்த்தான், ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்தான். "ரூம் இல்லம்மா" என்றான். அவன் தலைக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின. சண்டைக்குக் கிளம்பிய மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாய்.

மலையிறங்கும் கடைசி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நம்ம ரூமு நம்ம பின்னாலயே வரட்டும்டா. நீ படகு கட்டறவன்தானே? ஒரே ஒரு ராத்திரி அங்க படுத்துகினு, குளுருதுன்னு சொல்லணும். நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு வேலையே இல்ல."

அப்போது நான் போனில் அந்தச் சின்ன வண்டியைக் காட்டினேன். காருக்குப் பின்னால் இழுத்துப் போகலாம், இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் அடுப்பு. முன்பக்கம் உருண்டு பின்பக்கம் ஒடுங்கிய வடிவம். வெளிநாட்டில் அதைக் கண்ணீர்த்துளி என்பார்களாம் என்றேன். "கண்ணீர் இன்னாத்துக்கு? இறா முதுகாட்டம் கீது" என்றாய். அதோடு அது இறா வண்டி ஆகிவிட்டது.

சட்டமும் சக்கரமும் பொன்னேரிப் பட்டறையில் ஒரு வாரத்தில் முடிந்தன. இழுப்பதற்கு மாமாவின் குட்டியானை லோடு வண்டி இருந்தது. சுவரில்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஃபைபர். இருபது வருடமாகப் படகுக்குப் பூசுகிற கை. படகு போலவே கெட்டியாக, ஒரு ஊசி நுழையாதபடி அடைத்துக் கட்டினேன். சோதித்துப் பார்க்க ஒரு மதியம் நீயும் மாமாவும் உள்ளே படுத்தீர்கள். கால் மணி நேரத்தில் தொப்பலாக வெளியே வந்தாய். உள்சுவரெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. "இன்னாடா இது, மனுசன கருவாடு போட்ற பொட்டியா? தண்ணி வெளிய இருந்து மட்டுந்தான் வரும்னு நெனச்சிகினியா?" என்று கேட்டாய். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்பதைத் தவிர, சுவரைப் பற்றிப் படகுக்காரனுக்கு வேறென்ன தெரியும்? மூச்சு வெளியே போக வழி வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சுவரை அறுத்துப் போட்டேன். மரச்சட்டம் வைத்து பிளைவுட் அடிக்கலாம் என்றார் மாமா. உப்புக்காற்றில் ஓரம் ஊதிவிடும் என்று நான் மறுத்தேன். இரண்டு பிளைவுட்டுக்கு நடுவே சூடு தாங்கும் வெள்ளை ஃபோம் ஷீட் வைத்து, வெளிப்பக்கம் மட்டும் ஃபைபர் பூசினால் எப்படி? அதற்கு மெட்ராஸிலிருந்து ஷீட் வரவேண்டும். இப்படியே இரண்டு மாதத்தை ஓட்டினேன்.

அப்போதுதான் நீ சொன்னாய். "எதுக்குடா மெட்ராஸ் வரைக்கும் போற? எம்பொட்டி இல்ல? காலையில போட்ட ஐசு சாயங்காலம் வரைக்கும் நிக்குது. மூடி ஒடஞ்சது, ஓரம் ஒடஞ்சதுன்னு வூட்டுப் பின்னால இருவது தெர்மாகோல் பொட்டி கெடக்கு. அறுத்து செவுத்துக்குள்ள வெய்யி."

நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அய்ய, நாறும்க்கா" என்றேன்.

நீ காலிப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாய். "அந்த லாட்ஜ்காரன் வாயத் தொறந்து சொல்லல. நீ சொல்லிட்ட" என்று சிரித்துவிட்டுப் போனாய். மறுநாள் வழக்கம்போல வந்து "செவுரு ஏறிச்சா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு பத்து நாள் கேட்டாய். பதினோராம் நாள் காலையில், மார்க்கெட்டில் நண்டுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். பொன்னேரி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று நீ சிரித்தது நிஜச் சிரிப்புத்தானா அக்கா? அந்தப் பத்து நாளில் ஒரு நாளாவது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் மாமா எங்கும் போகவில்லை. குட்டியானை டயரில் காற்று இறங்கிக் கிடந்தது. வேலை என்று ஒன்று நடந்தால் அவர் எழுந்து வருவார் என்று நினைத்து, அந்த வெள்ளை ஷீட்டை வரவழைத்தேன். சுத்தமான ஷீட், ஒரு வாசனையும் இல்லை. மாமா வந்தார். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இது யாரு வூடு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் உன் பெட்டிகளைத் தலையில் சுமந்து வந்தார். மூன்று நடை. சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்தார். ஆனாலும் இறால் வாசனை போகவில்லை. "வெச்சா இத வெய்யி. இல்லன்னா மலைக்கு நா வர்ல, நீ தனியா போய்க்கோ" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லிவிட்டதாக நினைக்காதே. "மலைக்குப் போற வண்டி மாமா, நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?" என்று இழுத்தேன். அவர் என்னையே பார்த்தார். "முப்பது வருசம் அவ கூட படுத்தவன் நானு. எனக்கு நாறலியே" என்றார். ஷீட்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு ரம்பத்தை எடுத்தேன்.

உள்ளே மெல்லிய பிளைவுட், வெளியே பிளைவுட்டின் மேல் ஃபைபர், நடுவில் உன் பெட்டிகள். மேலே இரண்டு, கீழே இரண்டு காற்று வழி விட்டிருக்கிறேன், கொசுவலை அடித்து. ஓரிடத்தில் பிளைவுட் இணைப்பில் ஃபைபருக்குப் பூசும் ரெசின் கசிந்து தெர்மாகோலைத் தின்றுவிட்டது. ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம். நீ நீல மையில் 'வ' என்று போட்டு வைத்திருந்த மூடி அது. மாமா பள்ளத்தில் கையை வைத்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் இன்னொரு துண்டைச் செதுக்கி எடுத்து வந்து, அவரே பொருத்தினார்.

நேற்று மதியம் கதவை மாட்டி முடித்ததும் உள்ளே போய்ப் படுத்தார். நல்ல வெயில். கால் மணி நேரம் ஆனது, அரை மணி ஆனது, ஆள் வெளியே வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பி, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். நீ போனதிலிருந்து அவர் இப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. உள்ளே சூடு இல்லை, சுவரில் ஈரம் இல்லை. நீ சொன்னது சரிதான். லேசாக ஒரு வாசனை இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நீ என் கொட்டகையில் எட்டிப் பார்க்கும்போது வருமே, அதே வாசனை. நானும் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அழுதேன் அக்கா, மறைக்கவில்லை.

டயருக்குக் காற்று அடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மலையேறுகிறோம். உன் கம்பளியை மாமா மடித்து வைத்துவிட்டார். அங்கே படுத்து, உனக்காகவும் சேர்த்துக் குளிருதுன்னு சொல்லுவோம், சத்தமாகவே சொல்லுவோம். யாராவது வண்டிப் பக்கம் வந்து மூக்கைச் சுளித்து "இன்னா வாசன?" என்று கேட்டால், இந்த முறை நான் தலை குனிய மாட்டேன். "எங்க அக்கா உள்ள கீறாங்க" என்று சொல்லுவேன்.

இப்படிக்கு,
நீ தந்த சுவரைத் தாமதமாகக் கட்டிய உன் தம்பி
ஏழுமலை