வறண்ட பாத்தியில் நான் ஊற்றிய தண்ணீர்

தமோ ஊரிலிருந்து,
ஹோலிக்கு மறுநாள்.

அன்பு மகள் ஊர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு எருமைகளும் நலமாக இருக்கிறோம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மா கொண்டைக்கடலைக் கொழுந்தைக் காயவைத்து உனக்கென்று பொட்டலம் கட்டியிருக்கிறாள். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

போன வருஷம் உன் ஆராய்ச்சிக்காக மூன்று ரகக் கொண்டைக்கடலையை இரண்டிரண்டு பாத்தியாக விதைக்கச் சொன்னாய். ஒரு பாத்திக்கு இரண்டு தடவை தண்ணீர், மற்றதற்கு வானம் தருவது மட்டும். தண்ணீர் கண்டால் எல்லாம்தான் விளையும், இல்லாதபோதும் விளைச்சல் சரியாமல் நிற்பது எது என்று பார்க்க வேண்டும் என்றாய். குளிர்கால மழை பொய்த்தது. பூக்கும் நேரத்தில் வறண்ட பாத்தியில் மூன்றும் தலை தொங்கின. மற்ற இரண்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். மூன்றாவது நீ ஆறு வருஷம் பாடுபட்டு உருவாக்கியது, அது வாடுவதைப் பார்க்க நீயே பட்டினி கிடப்பது போல் இருந்தது. உன் அம்மா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த வேளையில் கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து அதற்கு மட்டும் ஊற்றினேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். குறிப்பேட்டில் தண்ணீர்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். விளைச்சலைக் கேட்டு நீ போனில் அழுது சிரித்தாயே, அதன் பிறகு சொல்லத் துணிவில்லை. மகளுக்குச் செய்த உதவி என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

அது போதாதென்று பக்கத்து வயல் தனிராமுக்கு உன் விதையை நானே கொடுத்தேன். அவன் நிலம் மேட்டு நிலம், கிணறு கிடையாது, தெரிந்துதான் கொடுத்தேன். இந்த வருஷமும் மழை இல்லை. இன்று காலை, ஹோலிக்கு மூட்டிய தீயின் தணலில் எல்லோரும் பச்சைக் கடலையைச் செடியோடு சுட்டுப் பகிர்ந்துகொண்டோம். தனிராம் தன் பங்கை முதலில் என் கையில்தான் வைத்தான். உரிக்க உரிக்க எல்லாம் வெறும் தோடு. அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "உங்க பொண்ணு விதை தப்பா இருக்காதுண்ணே, நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்றான். எனக்குத் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல தனி. போன வருஷம் அந்தச் செடிக்கு நான் திருட்டுத்தனமா தண்ணி ஊத்துனேன்." அவன் என் கையிலிருந்த தோட்டை வாங்கித் தணலில் போட்டான். பிறகு, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

அதனால் எழுதுகிறேன் மகளே. அடுத்த மாத ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் மானாவாரி நிலத்துக்கு இதுதான் ரகம் என்று சொல்லிவிடாதே. இன்னும் எத்தனை தனிராம்கள் நம்பி விதைப்பார்களோ. பூஜ்யத்தை அடித்து, எத்தனை வாளி, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குறிப்பேட்டை இதோடு அனுப்புகிறேன். உன் உழைப்பைக் கெடுத்தவன் நான். கோபம் தீரும் வரை என்னோடு பேச வேண்டாம், அம்மாவோடு பேசு. நம் வயல் கடலையில் பாதி தனிராம் வீட்டுக்குப் போகிறது.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு. அதே மூன்று ரகத்தையும் மறுபடி விதைத்து எழுதிய இந்த வருஷக் குறிப்பையும் மறக்காமல் பார். வறண்ட பாத்தியில் உன் ரகம்தான் முதலில் வாடியது. நான் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன், வாளியைத் தொடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹர்பிரசாத்